101ஆம் லாக்: கால்வாயிலிருந்து தேம்ஸ் ஆற்றுக்கு

மேற்கு லண்டனின் பிரென்ட்ஃபோர்டில் கிராண்ட் யூனியன் கால்வாய் தேம்ஸ் ஆற்றைச் சேர்கிறது. நீர்மட்டம் மாறும் இடங்களில், கதவுகளுக்கு இடையே படகை நிறுத்தி, நீரை நிரப்பியோ வடித்தோ அதை ஏற்றி இறக்கும் அறையைத்தான் லாக் என்கிறார்கள். நார்தாம்ப்டன்ஷயரில் உள்ள பிரான்ஸ்டன் என்னும் சிற்றூரில் 1 எனத் தொடங்கும் லாக்குகளின் எண் வரிசை, சுமார் 150 கிலோமீட்டர் தெற்கே வந்து, இங்கே 101 என்ற எண்ணோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கடைசி லாக்குக்குத் தேம்ஸ் லாக் என்று பெயர். அருகருகே அமைந்த இரண்டு அறைகள், கனத்த கதவுகள், ஒரு தடுப்பணை, இருபுறமும் புதிதாக எழும்பியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் ஆகியவைதாம் அங்கே கண்ணில் படுபவை. சுற்றுலாப் பயணிகள் யாரும் இதைத் தேடி வருவதில்லை. லண்டனில் ஒரு பிற்பகலை எங்கே கழிக்கலாம் என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் இதுதான்.

பிரான்ஸ்டனிலிருந்து வரும் மற்ற நூறு லாக்குகளும் படகை ஒரு கால்வாய் மட்டத்திலிருந்து இன்னொரு கால்வாய் மட்டத்துக்கு ஏற்றி இறக்குபவை. அவற்றில் மேல்மட்டமும் கீழ்மட்டமும் ஏறக்குறைய நிலையானவை. எந்த நேரத்திலும் படகோட்டி தானே கதவைத் திறந்து மூடிக்கொண்டு போகலாம். தேம்ஸ் லாக்கில் அப்படி முடியாது. அதன் ஒரு பக்கத்தில் மனிதர் அளந்து நிறுத்திவைத்த நீர் இருக்கிறது. மறு பக்கத்தில் நிலவின் இழுப்புக்கு ஏற்ப நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும் ஆறு இருக்கிறது. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருந்தாலும், தேம்ஸில் ஓதம், அதாவது கடல்நீரின் இந்த ஏற்ற இறக்கம், பிரென்ட்ஃபோர்டையும் கடந்து டெடிங்டன் வரை போகிறது. வற்றத்தின்போது லாக்கின் வாசலில் கிடப்பது பெரும்பாலும் சேறுதான். நடுவில் ஒரு சிறு ஓடை மட்டும் நெளிந்து போகும். ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்தில் படகுகள் தாராளமாக மிதக்கும்.

இதனால் இந்த லாக்குக்குக் காப்பாளர் உண்டு. ஆற்றில் இறங்க விரும்பும் படகோட்டி முன்கூட்டியே அவரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் இரண்டு மணி நேரம் பின்னும்தான் பொதுவாக லாக் இயங்குகிறது. லண்டன் பாலத்தில் நீர் உச்சத்தை எட்டிச் சுமார் ஒரு மணி நேரம் கழித்துத்தான் பிரென்ட்ஃபோர்டில் அது உச்சத்தை எட்டும். உச்ச நேரம் நாளுக்கு நாள் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே இன்று காலை பத்து மணிக்குப் படகை இறக்கிய காப்பாளர், ஒரு வாரத்தில் மாலையில் இறக்கிக்கொண்டிருப்பார். அவருடைய வேலை நேரத்தை ஓத அட்டவணைதான் வகுக்கிறது.

கோடையின் ஒரு சனிக்கிழமை நான் நெருங்கி நின்று பார்த்த படகைப் பற்றிச் சொல்கிறேன். அது நேரோபோட் எனப்படும் ஒடுங்கிய, நீண்ட இரும்புப் படகு. இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய்கள் பலவற்றின் லாக்குகள் ஏழடி அகலமே உள்ளவை என்பதால், இவ்வகைப் படகுகள் இரண்டு மீட்டருக்குச் சற்றே கூடுதலான அகலத்தோடு, இருபத்தோரு மீட்டருக்கு மேற்பட்ட நீளம் வரையிலும் கட்டப்படுகின்றன. நான் பார்த்தது பதினேழு மீட்டர் அளவு இருக்கும். கரும்பச்சை வண்ணம், கூரையின் மேல் விறகுக் கட்டு, செடித் தொட்டிகள், சுருட்டி வைத்த தோட்டக் குழாய். முன்பக்கத்தில் நங்கூரமும் அதன் சங்கிலியும் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. கால்வாயில் நங்கூரத்துக்கு வேலை இல்லை. மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாத அந்த நீரில் எஞ்சின் நின்றுபோனால் கரையை நோக்கித் தள்ளிக்கொள்ளலாம். ஆற்றில் எஞ்சின் நின்றால் படகு ஓதத்தோடு அடித்துச் செல்லப்படும். ஆகையால் தேம்ஸில் இறங்கும் முன் நங்கூரத்தைச் சங்கிலியோடு இணைத்து, கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வது கட்டாயமான முன்னேற்பாடு. அறுபதைத் தாண்டிய கணவனும் மனைவியும்தான் படகில் இருந்தார்கள். இருவரும் மிதவை அங்கி அணிந்திருந்தார்கள். கால்வாயில் அவர்கள் அதை அணிந்திருக்க மாட்டார்கள் என்று எண்ணுகிறேன்.

காப்பாளர் லாக்கின் ஆற்றுப் பக்கத்துக்குப் போய், சுவரில் பதித்திருந்த அளவுப் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும் என்றார். கணவர் மறுபேச்சின்றி எஞ்சினை அணைத்தார். இருபது நிமிடம் யாரும் எதுவும் செய்யவில்லை. நீர் மட்டும் வெளியே ஏறிக்கொண்டிருந்தது. சேற்றின் மேல் நடந்துகொண்டிருந்த வாத்துகள் ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்கியதைக் கொண்டே அதை உணர முடிந்தது.

பிறகு மேல் கதவுகள் திறந்தன. படகு அறைக்குள் மெல்ல நுழைந்தது. மனைவி கரையில் இறங்கி, பின்பக்கக் கயிற்றை ஒரு கட்டுக்கம்பத்தைச் சுற்றி ஒரு வளையமாகப் போட்டு, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டார். இதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு: இறங்கும் லாக்கில் கயிற்றை ஒருபோதும் முடிச்சுப் போட்டுக் கட்டக் கூடாது. நீர் இறங்க இறங்கப் படகும் இறங்கும். கயிறு கட்டப்பட்டிருந்தால் பதினைந்து டன்னுக்கு மேற்பட்ட இரும்பு அந்தக் கயிற்றில் தொங்கத் தொடங்கும். கயிறு அறுந்தால் தெறிக்கும். அறாவிட்டால் படகு சாய்ந்து நீர் உள்ளே புகும். ஆகவே கயிற்றைச் சுற்றி மட்டும் போட்டு, படகு கீழே போகப் போக விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த அம்மையாரின் கைகளைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறு இறுகும்போது ஒரு விரற்கடை விடுவார், தளர்ந்தால் இழுத்துக்கொள்வார். அவர் பார்வை படகின் மேல் இருந்ததே தவிரக் கயிற்றின் பக்கம் திரும்பவே இல்லை.

கணவர் சுக்கானைப் பிடித்தபடி வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். இறங்கும் லாக்குகளில் மேல் கதவுக்கு அடியில் ஒரு கல் அல்லது கான்கிரீட் திட்டு, அறைக்குள் சற்று நீட்டிக்கொண்டிருப்பது வழக்கம். அறை நிறைந்திருக்கும்போது அது நீருக்கடியில் மறைந்திருக்கும். நீர் வடியும்போதுதான் வெளிப்படும். படகின் பின்பகுதி அதன் மேல் மாட்டிக்கொண்டால், முன்பகுதி மட்டும் இறங்கிக்கொண்டே போகும். சில நிமிடங்களில் படகு மூழ்கிவிடும். இங்கிலாந்தின் கால்வாய்களில் படகுகள் மூழ்குவதற்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் காரணங்களில் இது ஒன்று. அந்தத் திட்டு எதுவரை நீண்டிருக்கிறது என்பதைக் காட்ட லாக்கின் விளிம்பில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். படகோட்டி அந்தக் கோட்டுக்கு முன்னால் படகை நிறுத்தி வைத்துக்கொள்ள வேண்டும்.

மேல் கதவுகள் மூடியபின் ஆற்றுப் பக்கத்து மதகுகள் திறந்தன. அறை நீர் அடியிலிருந்து வெளியேறியது. கதவுக்கு அப்பால் ஆற்றின் மேற்பரப்பு கொதிப்பது போல் குமிழியிட்டது. படகு இறங்குவது முதலில் தெரியவில்லை. சுவரில் ஈரமான பாசியின் பட்டை ஒன்று தோன்றி அகலமாகிக்கொண்டே போனதிலிருந்துதான் தெரிந்தது. மேல் கதவுகள் சந்திக்கும் இடுக்குகளிலிருந்து மெல்லிய நீர்த்தாரைகள் பீச்சியடிக்கத் தொடங்கின. எந்த லாக் கதவும் முழுக்க ஒழுக்கில்லாமல் இருப்பதில்லை.

சில நிமிடங்களில் ஆற்றின் மட்டமும் அறையின் மட்டமும் நெருங்கிவிட்டன. கதவு இன்னும் திறக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்த சிறுவன் ஒருவன், நீர் சமமாகிவிட்டதே, ஏன் திறக்கவில்லை என்று தந்தையிடம் கேட்டான். கண்ணுக்குச் சமமாகத் தெரிவது கதவுக்குச் சமம் ஆகாது. இதை நான் வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். பதினான்கு அடி அகலமுள்ள லாக்கில் ஒரு கதவுப் பலகை ஏறத்தாழ 2.3 மீட்டர் அகலம் இருக்கும். கதவடியில் இரண்டு மீட்டர் நீர் நிற்பதாகக் கொண்டால், இரு பக்கத்து மட்டத்துக்கும் இடையே பத்து சென்டிமீட்டர் வேறுபாடு இருக்கும்போது அந்தக் கதவின் மேல் 450 கிலோ எடைக்கு நிகரான விசை அழுத்திக்கொண்டிருக்கும். ஒரு சென்டிமீட்டர் வேறுபாட்டுக்குக் கூட 45 கிலோ. கையால் இயக்கும் லாக்குகளில் கதவோடு இணைந்த நீண்ட மர உத்தரத்தை முதுகால் தள்ளும்போது இது நேரடியாகவே தெரியும்: கதவு அசையவே அசையாது, பிறகு ஒரு கணத்தில், கூடுதல் விசை எதுவும் கொடுக்காமலே, அது நகரத் தொடங்கும். இங்கிருந்து சில கிலோமீட்டர் மேலே, படகை 16 மீட்டர் ஏற்றி இறக்கும் ஹான்வெல் லாக் வரிசையில் நானே படகோட்டிகளுக்கு உதவியாகத் தள்ளியிருக்கிறேன். வலிமையுள்ள இளைஞர்கள் இருவர் சேர்ந்து தள்ளியும் நகராத கதவு, அரை நிமிடம் பொறுத்தபின் ஒரு சிறுமி தள்ளத் திறப்பதை அங்கே பார்க்கலாம்.

கதவுகள் நேர்க்கோட்டில் மூடாமல், உயர்ந்த நீரை நோக்கி விரிந்த V வடிவில் சந்திப்பதுதான் இதன் நுட்பம். நீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக்கமாக இரண்டும் ஒன்றையொன்று அணைத்துக்கொள்ளும். பூட்டோ தாழ்ப்பாளோ தேவையில்லை. சீனாவின் பெருங்கால்வாயில் 984ஆம் ஆண்டிலேயே இரு கதவுகளுக்கு இடையே படகை நிறுத்தும் அறை அமைக்கப்பட்டுவிட்டது. ஆனால் அங்கே கதவுகள் மேலே தூக்கப்படுபவை. கோணத்தில் மூடும் கதவின் வரைபடம் லியோனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளில் இருக்கிறது. மிலான் நகரின் கால்வாய்களுக்காக அவர் பணியாற்றிய காலம் அது. ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இதை விஞ்சும் எளிய ஏற்பாடு வரவில்லை. கதவு ஓக் மரத்தில் செய்யப்படுகிறது. கால் நூற்றாண்டு அளவு உழைத்தபின் மாற்றப்படுகிறது. அதன் வடிவம் மட்டும் மாறுவதில்லை.

ஆற்றுக் கதவுகள் திறந்தபோது இரண்டு நீரின் நிறமும் அருகருகே தெரிந்தது. கால்வாய் நீர் கருமையோடிய பச்சை. ஆற்று நீர் வண்டல் சுமந்த பழுப்பு. படகின் அணியம் (முன்முனை) அந்த எல்லையைத் தாண்டியதும் அதன் நடை மாறிவிட்டது. அதுவரை தண்டவாளத்தில் போவது போல நேராகப் போன படகு, இலேசாகத் தலையை அசைத்தது. கரையிலிருந்து ஏறிக்கொண்ட மனைவி இப்போது முன்பக்கத்தில், நங்கூரத்தின் அருகில் நின்றார். எஞ்சினின் ஒலி உயர்ந்தது. லாக்கிலிருந்து ஆற்றுக்குப் போகும் சிற்றோடையின் முகத்தைக் கடந்து, எதிர்க்கரையில் கியூ தாவரவியல் பூங்காவின் மரங்கள் நிற்கும் அகன்ற ஆற்றில் நுழைந்து, படகு வலப்பக்கம், ஓதம் போகும் திசையிலேயே, மேல்நோக்கித் திரும்பியது.

அந்த அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பிரென்ட்ஃபோர்டிலிருந்து டெடிங்டனுக்குச் சுமார் எட்டு கிலோமீட்டர். ஏறும் ஓதத்தோடு போனால் ஆறே படகைச் சுமந்து செல்லும். திரும்பிய ஓதத்தை எதிர்த்துப் போனால் சிறிய எஞ்சின் திணறும். இடையில் ரிச்மண்டில் இன்னொரு தடை உண்டு. 1894இல் திறக்கப்பட்ட அங்குள்ள மதகுகள், உச்ச ஏற்றத்தை ஒட்டிய இரண்டிரண்டு மணி நேரம் தூக்கிவைக்கப்பட்டிருக்கும். அப்போது படகுகள் அடியில் தடையின்றிப் போகலாம். மற்ற நேரங்களில் அவை இறக்கப்பட்டு, மேற்புறத்து ஆறு முழுவதும் வற்றிவிடாமல் காக்கின்றன. அந்த மதகுகள் ஏன் தேவைப்பட்டன என்பதற்கான விடை கீழ்த்திசையில், லண்டன் நகரத்தில் இருக்கிறது. பழைய லண்டன் பாலத்தின் பருத்த தூண்கள் நூற்றாண்டுக்கணக்கில் ஒரு தடுப்பணையைப் போல நின்று ஓதத்தைத் தடுத்துக்கொண்டிருந்தன. 1831இல் புதிய பாலம் திறக்கப்பட்டுப் பழையது இடிக்கப்பட்டதும் ஏற்றமும் வற்றமும் தங்குதடையின்றி மேலே வரத் தொடங்கின. வற்றத்தில் ரிச்மண்டும் டுவிக்கனமும் சேற்று வெளிகளைப் பார்க்க வேண்டியதாயிற்று. ஒரு பாலத்தை அகற்றியதன் விளைவை அறுபது ஆண்டுகளுக்குப் பின் இன்னொரு கட்டுமானத்தால் சரிசெய்தார்கள்.

இந்தச் சிறு பயணத்தில் படகு மூன்று ஆளுகைகளின் கீழ் மாறுகிறது. கால்வாய், 2012இல் அமைந்த கால்வாய் மற்றும் ஆற்று அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளது. ஓதம் ஓடும் ஆறு, 1909 முதல் லண்டன் துறைமுக ஆணையத்தின் பொறுப்பில் உள்ளது. டெடிங்டனுக்கு மேலே சுற்றுச்சூழல் முகமையின் ஆறு தொடங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி விதிகள் உண்டு.

கால்வாயின் வரலாற்றைத் தொடாமல் இந்த லாக்கைப் பற்றிப் பேச இயலாது. 1793இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் கிராண்ட் ஜங்ஷன் கால்வாய் (இன்றைய கிராண்ட் யூனியனின் இந்தப் பகுதியின் பழைய பெயர்) அனுமதிக்கப்பட்டது. வில்லியம் ஜெசப் அதன் தலைமைப் பொறியாளர். பணி தொடங்கியது முதற்கொண்டே இந்தப் பிரென்ட்ஃபோர்டு முனை முக்கியமாகக் கருதப்பட்டது. மறு ஆண்டே இங்கிருந்து அக்ஸ்பிரிட்ஜ் வரை படகுகள் ஓடின. நிலக்கரி, செங்கல், தானியம், மரம் ஆகியவை நூறாண்டுக்கும் மேலாக இந்தக் கதவுகளின் வழியே போய் வந்தன. 1859இல் பொறியாளர் புரூனல் இரயில் பாதையைப் பிரென்ட்ஃபோர்டின் ஆற்றங்கரைக்கே கொண்டுவந்து துறை அமைத்தார். அதே பாதை ஹான்வெல் அருகே கால்வாய்க்கு அடியிலும் கால்வாய் சாலைக்கு அடியிலும் ஒரே இடத்தில் குறுக்கிடுவதை இன்றும் பார்க்கலாம். இரயிலோடு போட்டியிட்டுக் கொண்டே கால்வாய் வாழ்ந்தது. கிரீன்ஃபோர்டில் 1921இல் எழுந்த லயன்ஸ் நிறுவனத்தின் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கால்வாயில் தனிப் படகுத்துறையே இருந்தது. மலையகத்தில் நம்மவர் கை பறித்த கொழுந்தின் ஒரு பகுதியேனும் இந்த நீர்வழிகளில் வந்திருக்க வேண்டும் என்ற நினைப்பு, கிரீன்ஃபோர்டு கரையில் நடக்கும்போதெல்லாம் எனக்கு வரும்.

மேற்கு ஈலிங்கின் கனகதுர்க்கை அம்மன் கோயிலிலிருந்து இந்த லாக் ஒரு மணி நேர நடைதான். அவ்வளவு அருகில் வாழும் தமிழர்களில், சென்னையில் வளர்ந்தவர்கள் இங்கே வந்தால் ஒன்றை எளிதாகப் புரிந்துகொள்வார்கள். பக்கிங்காம் கால்வாய் கூவத்தையும் அடையாற்றையும் சந்தித்த இடங்களில் இத்தகைய லாக்குகள்தாம் இருந்தன. ஓதத்தால் ஏறி வற்றும் ஆற்றின் முகத்தில் கால்வாயின் மட்டத்தைக் காப்பதே அவற்றின் வேலையும். 1877–78இன் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்கள் அந்த இரு ஆறுகளையும் இணைத்த துண்டை வெட்டினார்கள். அந்தத் துண்டின் மேல் இன்று பறக்கும் இரயிலின் தூண்கள் நிற்கின்றன. படகு ஒன்று அங்கே லாக்கில் இறங்குவதை இனி யாரும் பார்க்கப்போவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

பிரென்ட்ஃபோர்டிலும் இது தானாக நிலைத்துவிடாது. கால்வாய் அறக்கட்டளைக்குப் பிரிட்டிஷ் அரசு தரும் மானியம் 2027 முதல் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போகும் என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. 3,200 கிலோமீட்டர் நீர்வழியைப் பேணும் ஓர் அமைப்பு செலவைக் குறைக்க வேண்டுமானால், ஓத அட்டவணையின்படி எழுந்து வரும் ஒரு காப்பாளரின் சம்பளம் எளிதில் கண்ணில் படும். தேம்ஸ் லாக்கைப் படகோட்டிகளின் கையிலேயே விட்டுவிட முடியாது என்பதே என் உறுதியான எண்ணம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய ஓதங்களில் ஆறு கால்வாயின் மட்டத்தையே எட்டி, தடுப்பணையைத் தாண்டி உள்ளே வந்துவிடும். தேம்ஸ் லாக்குக்கும் அடுத்து மேலே இருக்கும் 100ஆம் லாக்குக்கும் இடைப்பட்ட நீர் முழுவதும் ஆற்றோடு சேர்ந்து உயரும். பெருமழை பெய்தால் ஹான்வெல்லின் அடியில் கால்வாயோடு கலக்கும் பிரென்ட் ஆறு, மறு திசையிலிருந்து வெள்ளத்தைக் கொண்டுவரும். இரண்டும் ஒரே நாளில் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அங்கே ஆண்டுக்கணக்கில் நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும்.

ஆற்றிலிருந்து உள்ளே வரும் படகைப் பார்ப்பதற்கும் ஒரு நாளை ஒதுக்க வேண்டும். டெடிங்டனிலிருந்து இறங்கும் ஓதத்தோடு வரும் படகு, சிற்றோடையின் முகம் தெரிந்தவுடன் திரும்பினால் நீரோட்டம் அதைப் பக்கவாட்டில் தள்ளிக் கரையில் மோதவைக்கும். ஆகவே அனுபவமுள்ளவர்கள் முகத்தைக் கடந்து சற்றுக் கீழே போய், ஆற்றின் நடுவில் படகை முழுதாகத் திருப்பி, ஓட்டத்தை எதிர்த்துக்கொண்டு மெதுவாக மேலேறி, பிறகே உள்ளே நுழைவார்கள். பதினேழு மீட்டர் நீளமுள்ள படகு அந்தத் திருப்பத்தின் நடுவில் ஆற்றுக்குக் குறுக்கே நிற்கும் சில நொடிகளில் காப்பாளர் லாக்கின் முனைக்கே வந்து நின்றுவிடுகிறார். லண்டன் பாலத்துக்கான ஓத நேரம் இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. அதோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டு, கோடையின் வார இறுதியொன்றில் உச்சத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விட்டால், இறங்கும் படகையும் ஏறும் படகையும் ஒரே நாளில் பார்க்கும் வாய்ப்பு அதிகம்.